வண்ணாத்திப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும்

சல்லிக் கடற்கரையிலே பிறந்து, அக்கரையிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தவன் நான். எங்கள் ஊர்ப்பெயரைக் கேட்ட வெளியூர் அன்பர் சிலர், “உங்கள் ஊரிலே சல்லிக்குக் குறைவிராதே!” என்று நகையாடுவதுண்டு. கையிலே சல்லிக்காசும் தங்காத வலைஞர் ஊருக்கு இப்பெயர் வந்த வரலாறு இருக்கட்டும். ஊர்ப்பெயரைச் சொல்லி ஒருவர் சிரிக்கும்போதே நமக்கு உள்ளே சுருக்கென்கிறது. ஒரு பிராணியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தன் தாயையும் தந்தையையும் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை எண்ண நேர்ந்தால் அதன் மனம் என்ன பாடுபடும்? இக்கேள்வியை எனக்குக் கற்பித்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. அப்போது நான் வேறோர் ஊரிலே கற்பித்துக்கொண்டிருந்தேன். பண்டிதர் பரீட்சையிலே தேறிய புதிதாகையால், இலக்கணச் செருக்கும் நாட்டுவழக்கின்மீது பெரும் பற்றும் ஒருங்கே என்னிடம் இருந்தன. பாடநூலிலே ‘வண்ணத்துப்பூச்சி’ என்று அச்சாகியிருந்தது. “இது நூலார் பண்ணிய சொல், நம் ஆச்சிமார் சொல்வது வண்ணாத்திப்பூச்சி, அதுவே உயிருள்ள தமிழ்” என்று கரும்பலகையிலே பெரிதாக எழுதி வகுப்பை உரக்கச் சொல்லவைத்தேன். பின்வாங்கில் இருந்த பையன்கள் இருவர் ஒரு சிறுமியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். அவர்கள் எதற்காகச் சிரித்தனர் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. அவளுடைய தாயார் ஊராரின் உடுப்பு வெளுத்துப் பிழைத்தவர். அடுத்த மூன்று நாளும் அச்சிறுமி பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவள், பாடநூலில் அந்தப் பக்கத்தை மடித்து ஒட்டிவைத்திருந்தாள்.

இலக்கணத்தை முதலிற் பார்ப்போம். ‘வண்ணம்’ என்னும் மகரவீற்றுச் சொல், ‘அத்து’ச் சாரியை பெற்று, ‘மரத்துக்கிளை’ என்பதுபோல ‘வண்ணத்துப்பூச்சி’ என்றாகும். இதிற் குற்றம் சொல்ல இலக்கணக்காரனுக்கு இடமில்லை. ‘வண்ணாத்தி’ என்பதோ வண்ணான் என்னும் ஆண்பாற் பெயருக்குரிய பெண்பால். வண்ணமுள்ள பூச்சி பேச்சிலே திரிந்து வண்ணாத்தி ஆயிற்றோ, வண்ணாத்தியை நாணிய படித்தோர் அதனை வண்ணத்து என்று திருத்தினரோ! இரண்டுக்கும் வழக்காடலாம். எனினும் வண்ணாத்திக்குருவி என்று ஒரு குருவியும் உண்டு; கருமையும் வெண்மையும் கலந்தது, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுவது. அதன் பெயருக்குப் பல வண்ணங்களைக் காரணம் காட்ட முடியாது. பிரெஞ்சு மக்கள் நீர்த்துறையிலே வாலாட்டித் திரியும் குருவியைச் சலவைக்காரி என்றே அழைக்கின்றனர். துறையிலே துணி தோய்ப்பவளையும், அவளருகே அஞ்சாமல் தத்தித் திரியும் பறவையையும் ஒருசேரக் கண்ட கண்கள் இட்ட பெயர் அது. பெயரை முதலில் இட்டவர் மனத்திலே இழிவு இருந்திராது, அன்புகூட இருந்திருக்கலாம்.

அந்த அன்பு அச்சிறுமிக்கு எட்டவில்லையே! தொழிலின் பெயர் சாதியின் பெயராகி, சாதியின் பெயர் ஏச்சாகிவிட்ட ஒரு சமூகத்திலே, சொல்லின் பிறப்பைக் காட்டிக் காயத்தை ஆற்ற இயலாது. சொல் பிறந்த இடம் வேறு, அது இப்போது போய்த் தைக்கும் இடம் வேறு. நாட்டுவழக்கே உயிர் என்று இன்றும் வாதிடுபவன் நான். ஆயினும் இந்த ஒரு பெயரிலே பாடநூலாரே சரி, நான் பிழை என்று அன்று தொட்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இதனை மறுபடியும் நினைக்கவைத்தது சென்ற கரைவலைக் காலத்திலே நிகழ்ந்த ஒன்று. வலை கரையை நெருங்கி மடி தெரியத் தொடங்கியதும் சூடையையும் நெத்தலியையும் நாடிப் பருந்துகள் வட்டமிட்டு இறங்கின. தலையும் மார்பும் வெள்ளை. மற்றையவெல்லாம் செம்மண் நிறம். என்னோடு வந்த மாணாக்கன் ஒருவன் கையிலே சுற்றுலாப் பயணிகளுக்காக அச்சிட்ட பறவைப் படத்தாள் ஒன்று இருந்தது. அதிலே அப்பறவையின் கீழ் ‘பிராமினிக் கைட்’ என்றிருந்தது. அவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஐயா, பருந்திலும் பிராமணர் இருக்கினமோ?” என்றான். “ஏன் இல்லை? மீன்குடல் தின்னுகிற பிராமணர்!” என்று சம்மாட்டியார் சொல்ல, கயிறிழுத்தவர் அனைவரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வந்தாலும், அப்பெயருக்கு ஓர் எதிர்ப்பெயரும் இருந்தது என்பது நினைவுக்கு வந்து சிரிப்பை அடக்கிற்று.

அக்காலத்து ஆங்கிலப் பறவைநூல்களைப் புரட்டுவோர் நம் நாட்டுப் பருந்துகளுள் இரண்டு சாதிப்பெயர் பூண்டிருக்கக் காண்பர். நாம் கருடன் என்றும் செம்பருந்து என்றும் சொல்லும் பறவைக்குப் பிராமணப் பெயர். குப்பைமேட்டையும் கசாப்புக்கடையையும் சுற்றும் கரும்பருந்துக்கோ ‘பரையா கைட்’ என்னும் பெயர். இந்தப் ‘பரையா’ வேறெந்த நாட்டுச் சொல்லுமன்று. பறையறைந்த தமிழ் மக்களின் குலப்பெயர். போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுட் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளைப் பெற்று, தெருநாய்க்கும் பருந்துக்கும் அடைமொழியாகி உலகத்தைச் சுற்றி வந்தது. தமிழ் உலகுக்குக் கொடுத்த சொற்கள் என்று அரிசியையும் கட்டுமரத்தையும் மேடையிலே பெருமையோடு எடுத்துரைப்போம். இச்சொல்லையும் அப்பட்டியலிலே சேர்த்துச் சொல்லும் பேச்சாளரை நான் கண்டதில்லை.

வேடிக்கை யாதெனின், இவ்விரு பறவைகளும் உண்ணும் உணவிலே பெரிய வேற்றுமை இல்லை. இரண்டும் கழிவையும் பிணத்தையும் உண்டு கரையைத் துப்புரவாக்குவன. நிறத்தைக் கண்டும், திருமாலின் ஊர்தி என்று மக்கள் கும்பிடுவதைக் கண்டும் ஒன்றை மேலேற்றினர். மற்றொன்றைக் கீழே தள்ளினர். ஆனால் 1832 ஆம் ஆண்டிலே கேணல் சைக்ஸ் என்பார் இந்தியக் கரும்பருந்துக்கு அறிவியற் பெயர் இட்டபோது ‘கோவிந்தா’ என்று இட்டார். ஆகவே, பிராமணப் பருந்து திருமாலின் வாகனம். ‘பரையா’ப் பருந்தோ திருமாலின் பெயரையே தாங்கிற்று! சைக்ஸ் இதனைத் தெரிந்து செய்தாரோ இல்லையோ, எனக்கு அவர்மேல் ஒரு தனி அன்பு உண்டு.

இன்றைய பறவைநூல்கள் அந்தப் பெயரைக் கைவிட்டு ‘கரும்பருந்து’ என்னும் பொருள்பட எழுதுகின்றன. பிராமணப் பெயர்மட்டும் இன்னும் நிற்கிறது. தாழ்த்தும் பெயரை நீக்கி உயர்த்தும் பெயரை வைத்திருப்பது பாதித் திருத்தமே. ஏணியின் கீழ்ப்படியை மறைத்துவிட்டால் மேற்படி ஏணி அல்லாமற் போகுமா?

பருந்துக்குச் சாதி வைத்தவன் வெள்ளைக்காரன் என்று சொல்லி நாம் கைகழுவ முடியாது. அவனுக்கு அப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் நாமே. பழைய விடவைத்திய நூல்களைப் பாருங்கள்: நாகங்களை அந்தணர், அரசர், வணிகர், சூத்திரர் என நான்காக வகுத்து, நிறத்தையும் மணத்தையும் தீண்டும் வேளையையும் தனித்தனியே கூறுவர். யானைக்கும் குதிரைக்கும் இவ்வாறே. இரத்தினக் கல்லையும் விட்டார்களா? ஊர்வனவற்றுக்கும் உயிரில்லாதவற்றுக்கும் வருணம் கண்ட மரபிலே வந்தவர்கள், ஆங்கிலேயன் ஒரு பருந்தைப் பிராமணன் என்றதற்கு மூக்கிலே விரல் வைப்பது பொருந்தாது.

“பெயரை மாற்றிவிட்டாற் சாதி போய்விடுமோ?” என்று நண்பரொருவர் கேட்டார். போகாது. வண்ணத்துப்பூச்சி என்று எழுதத் தொடங்கியபின்னும் கோயில் வீதியிலே யார் எங்கே நிற்பதென்ற கணக்கு நெடுங்காலம் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆயினும் காலிலே முள் தைத்தவனிடம், “காடு முழுவதையும் வெட்டியபின் இந்த முள்ளை எடுப்போம்” என்று சொல்வது அறிவுடைமையாகுமா? அந்த வகுப்பறையிலே அந்த ஒரு நாளிலே அச்சிறுமி தலைகுனியாமல் இருந்திருப்பாள். எனக்கு அது போதும்.

இது நமக்குமட்டும் உரிய சிக்கலும் அன்று. அமெரிக்கக் கடல்களிலே ஆளுயரத்துக்குமேல் வளரும் ஒரு கலவாய் மீனுக்கு ‘யூதமீன்’ என்னும் பெயர் நெடுநாள் வழங்கிற்று. 2001 ஆம் ஆண்டிலே அந்நாட்டு மீன்வளச் சங்கத்தார் அதனைக் ‘கோலியாத்துக் கலவாய்’ என்று மாற்றினர். யூத அரசன் தாவீதின் கவண்கல்லுக்கு இரையான வீரன் கோலியாத்து. மனம் நோவதற்கு அவன் இனத்தார் எவரும் இன்று இல்லை என்பது அப்பெயருக்கு ஒரு வசதி. மரங்களை மொட்டையடிக்கும் அந்துப்பூச்சி ஒன்று நாடோடி மக்களான ஜிப்சிகளின் பெயரால் அறியப்பட்டது. 2021 இலே பூச்சியியற் சங்கத்தார் அப்பெயரை நீக்கி, 2022 இலே அதன் முட்டைத்திரள் பஞ்சுபோல் இருப்பதைக் கொண்டு புதுப்பெயர் வைத்தனர். இதுவே செம்மையான வழி. முந்திய பெயர் ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றிய வசையைச் சொல்லிற்று. புதிய பெயரோ பூச்சியைப் பற்றிய செய்தியைச் சொல்லுகிறது. தோட்டக்காரன் முட்டையைக் கண்டதும் இனங்கண்டு அழிக்கலாம்.

2023 நவம்பரிலே அமெரிக்கப் பறவையியற் சங்கத்தார் மனிதர் பெயரைத் தாங்கிய பறவைகள் அனைத்துக்கும் தம் ஆட்சிக்குட்பட்ட அளவிலே வேறு பெயர் வைக்கப்போவதாக அறிவித்தபோது பெரும் விவாதம் எழுந்தது. நமக்கு அத்தொல்லை இல்லை. நம் முன்னோர் எந்தப் பறவைக்கும் ஓர் அதிகாரியின் பெயரையோ நண்பனின் பெயரையோ சூட்டிவிடவில்லை. 1796 இலே பாம்புநூல் எழுதிய பற்றிக் றசல் என்னும் மருத்துவரின் பெயராலே ஆங்கிலேயர் அழைக்கும் பாம்பை நாம் கண்ணாடிவிரியன் என்கிறோம். முதுகிலே கண்ணாடிச் சட்டம்போன்ற வட்டங்களைக் கண்டால் ஆறு வயதுப் பிள்ளையும் விலகி நிற்கும். றசல் என்ற பெயரைக் கேட்டு எந்தப் பிள்ளை விலகும்?

பாம்பைப் பற்றிப் பேச்சு வந்தமையால் அச்சத்தினாலே மாறும் பெயரையும் சொல்லவேண்டும். இருட்டிவிட்டாற் பாம்பு என்று வாயாற் சொல்லாமற் ‘பூச்சி’ என்பது நம்மவர் வழக்கம். நஞ்சிலே கொடியதை ‘நல்லபாம்பு’ என்கிறோமே, அதனினும் பெரிய முகமன் உண்டோ? வடதேசத்து ருசியர் கரடியின் பழைய பெயரை அஞ்சி மறந்தே விட்டனர்; இன்று அவர்கள் சொல்லும் பெயருக்குத் ‘தேனுண்ணி’ என்பதே பொருள். ஆங்கிலத்தாரின் கரடிப்பெயர்கூடப் பழுப்புநிறத்தான் என்னும் கருத்திற் பிறந்ததென்று மொழிநூலார் கூறுவர். அச்சம் எல்லா மொழிக்கும் பொது.

ஆனால் இந்த மரியாதை ஒருமுறை உயிருக்கே உலைவைக்கப் பார்த்தது. எங்கள் அயலிலே பாயிற் படுத்திருந்த பையன் ஒருவனை நள்ளிரவிலே பாம்பு தீண்டிற்று. வைத்தியசாலையிலே அவன் அம்மம்மா, “பூச்சி கடிச்சுப்போட்டுது” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று கடமையிலிருந்தவருக்கு இவ்வழக்குத் தெரியாது. குளவியோ மட்டத்தேளோ என்று எண்ணிக் காத்திருக்கச் சொன்னார். வலியுமில்லை, வீக்கமுமில்லை. சற்றுப் பொறுத்துப் பையனின் கண்ணிமைகள் தாமே சரிந்தன. பின்னாலே ஓடிவந்த மாமன் “பாம்பு! பாம்பு!” என்று கத்தியபின்னரே மருந்து ஏறிற்று. பையன் பிழைத்துக்கொண்டான். தீண்டியது கட்டுவிரியன். விரியன் என்று பெயர் பெற்றும் விரியன் இனத்தைச் சேராதது அது. கண்ணாடிவிரியன் தீண்டினால் வீங்கும், இரத்தம் உறையாது. கட்டுவிரியனோ சத்தமில்லாமல் மூச்சை அடைக்கும். ஆகவே இரவிலும் பாம்பைப் பாம்பென்றே சொல்லுங்கள் என்று நான் வகுப்பிலே வற்புறுத்துகிறேன். ஆச்சிமாருக்கு என்மேல் இதனாற் கொஞ்சம் மனக்குறை.

இனி, எனக்கு உண்மையிலே கோபமூட்டுவது வேறொரு வகை மாற்றம். எவரையும் நோகச்செய்யாத, எவருக்கும் ஊறு விளைக்காத நல்ல தமிழ்ப்பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்புக்கு இடம்விட்டு ஒதுங்குவதைச் சொல்லுகிறேன். நம் காட்டுக் கரடியைச் சிலர் ‘அசமந்தக் கரடி’ என்று எழுதுகின்றனர். அக்கரடி என்ன அசமந்தம் செய்தது? 1791 இலே ஷோ என்னும் ஆங்கில விலங்கியலார், அதன் நீண்ட நகத்தையும் பல்வரிசையையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களிலே தொங்கும் சோம்பற் பிராணியின் உறவென்று மயங்கினார். பிறகு பிழை தெரிந்தது. அறிவியற் பெயர் திருத்தப்பட்டது. ஆங்கிலப் பொதுப்பெயரிலே சோம்பல் ஒட்டிக்கொண்டது. அவர்கள் திருத்திய பிழையை நாம் தேடிப் பொறுக்கித் தமிழாக்கியிருக்கிறோம். புற்றுடைக்கும் அந்தக் கரடியின் முன்னே ஒருமுறை அகப்பட்டவர் எவரும் அதனை அசமந்தம் என்னார்.

நமது மரையை ஆங்கிலத் துரைமார் தம் குளிர்நாட்டு ‘எல்க்’ என்று எண்ணி அழைத்தனர். நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளி ஒன்று இன்றும் அப்பெயரைச் சுமக்கிறது. நம் சிறுத்தையை அவர்கள் ‘சீற்றா’ என்றனர். இலங்கைக் காடுகளிலே சீற்றா இல்லவே இல்லை. அந்தக் குழப்பம் திரும்பி வந்து நம்மையும் பற்றியது. இந்தியாவிலே 1952 இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சீற்றாவை 2022 செப்டெம்பர் 17 ஆம் நாள் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து குனோ காட்டிலே விட்டனர். எட்டு விலங்குகள். தமிழ் ஏடுகள் பல ‘சிறுத்தை வந்தது’ என்று எழுதின. இந்தியக் காடுகளிலே சிறுத்தை எந்நாளும் இருக்கிறதே! வந்தது சிவிங்கி. அப்பெயர் நம்மிடம் பழையதாகவே உண்டு. ஒட்டகம்போற் கழுத்தும் சிவிங்கிபோற் புள்ளியும் உடைமையால் ஒட்டகச்சிவிங்கி என்று ஆயிரம் தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நானே, சிவிங்கி என்பது யாது என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அழுங்கைப் பாருங்கள். உடலெல்லாம் செதில் போர்த்து, அஞ்சினாற் பந்தாகச் சுருண்டு, கோடரியாலும் பிரிக்கவொண்ணாமல் இறுகிக் கிடப்பது. ‘அழுங்குப்பிடி’ என்று நாம் சொல்வதெல்லாம் அதனால். படத்தின் கீழே ‘எறும்புதின்னி’ என்றுமட்டும் எழுதிவிட்டால், பிள்ளைக்கு விலங்கு வேறாகவும் பழமொழி வேறாகவும் பிரிந்துபோகின்றன. அந்தப் பெயரும் தமிழ்தான், பொருளும் சரிதான். ஆனால் அது உணவை மட்டும் சொல்லுகிறது.

பெயர்மாற்றம் பிராணிக்கு நன்மை செய்வதும் உண்டு. குசராத்துக் கரையிலே திமிங்கிலச் சுறாவை மீனவர் ‘பீப்பாய்’ என்றே அழைத்தனர். பீப்பாய்களை மிதக்கவிட்டு அதனைக் களைக்கவைத்துப் பிடித்ததால் வந்த பெயர். 2004 இலே தொடங்கிய காப்பியக்கத்திலே, கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு அவர்கள் முன்வந்து, தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வரும் மகள் அது என்று ஊரூராய்ச் சொன்னார். ‘அருமையானவள்’ என்னும் பொருளுடைய குசராத்திச் சொல் அதன் பெயராயிற்று. வலையிற் பட்ட சுறாவை விடுவிக்க மீனவர் தம் வலையைத் தாமே அறுக்கத் தொடங்கினர். வலையின் விலை அறிந்த சல்லி ஊரவனுக்கு இஃது எத்துணைப் பெரிய காரியம் என்பது விளங்கும்.

மன்னார்ப் பக்கத்திலே கடற்பன்றி என்று சொல்லி இறைச்சிக்காகப் பிடித்த சாதுவான பிராணியை இன்று கடற்பசு என்கிறோம். தமிழ்நாட்டு வலைஞர் சொல்லும் பெயர் ஆவுளியா. 2022 செப்டெம்பரிலே பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுவின் காப்பகமாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. பன்றி பசுவானதால் உயிர் பிழைக்கும் என்று நம்புவோர்க்கு ஒன்று சொல்வேன். வடகடலிலே 1741 இலே ஸ்ரெல்லர் கண்டறிந்த பெருங் கடற்பசு, பசு என்ற பெயரோடேயே இருபத்தேழு ஆண்டுகளுக்குள் முற்றாக உண்டு தீர்க்கப்பட்டது. பசுவைக் கும்பிடுபவன் காதில் அப்பெயர் ஒருவகை. அதனை அறுத்து உண்பவன் காதில் வேறுவகை. ஆவுளியா என்பதன் முதலெழுத்தைப் பிடித்து ‘ஆ’ என்றாற் பசு என்று நிறுவப் புறப்படும் பண்டிதர் சிலரும் உளர். ஒலியொற்றுமை ஒன்றே சான்றாகாது என்று அவர்களை வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பெயரை அப்படியே நூலில் ஏற்றினாற் போதும்.

இவ்வாண்டு எங்கள் பாடசாலையிலே கரையிலும் காட்டிலும் உள்ள பிராணிகளின் படங்களைப் பிள்ளைகளே வரைந்து சுவரில் ஒட்டுகின்றனர். பெயர்களை நூலிலிருந்து எடுக்கவேண்டாம், வீட்டிலே கேட்டு வாருங்கள் என்று சொன்னேன். மரை, அழுங்கு, சிறுத்தை, கண்ணாடிவிரியன் எல்லாம் வந்துவிட்டன. கரடிக்குக் கரடி என்றே எழுதினோம். பருந்தின் கீழ்ச் செம்பருந்து என்று எழுதிய மாணாக்கன், தன் படத்தாளிலிருந்த மற்றப் பெயரை மையாலே கோடிட்டு அடித்திருந்தான்; அவனாகவே செய்தது. பூக்கன்றுமேல் அமர்ந்த பூச்சியை வரைந்த சிறுவன்மட்டும் வீட்டிலே கேட்டு வந்தபடி ‘வண்ணாத்தி’ என்று தொடங்கிவிட்டான். நான் அருகே போய், காலை அழித்து, ‘தி’யைத் ‘து’ ஆக்கினேன். ஏன் என்று கேட்டான். அந்த வாங்கிலேயே இருந்து, மூன்று நாள் பாடசாலைக்கு வராத பிள்ளையின் கதையை அவனுக்குச் சொன்னேன்.